நாற்பது அறை வீட்டுப் பிள்ளை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் கல்வி இணைப்பில், வளரும் நாடுகளுக்கான கல்வி ஆராய்ச்சியிலும் கொள்கை வகுப்பிலும் உள்ள வேலைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. படிக்கிற பிள்ளைகளுக்கு உதவும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி. தகவல் திரட்ட உள்ளூர்ப் பட்டதாரிகள் போதும், அதற்குப் பொருள் சொல்லத்தான் வெளிநாட்டுப் படிப்பு வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மூன்று நாளாக அந்த வரி என் மனதை அறுக்கிறது.

அந்த உள்ளூர்ப் பட்டதாரி நான்தான் ஐயா. எம்.ஏ., பி.எட். முடித்துப் பதினான்கு வருடமாகக் கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் பக்கமெல்லாம் கல்விக் கணக்கெடுப்புக்குப் போய்வருகிறேன். எல்லாம் ஒப்பந்த வேலை. கணக்கெடுப்பு முடிந்தால் வேலையும் முடிந்தது.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பின்பக்கக் கடைசிக் கட்டுக்குள் ஓர் அறையில், வீட்டைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் இருக்கும். அப்படி ஒரு வீட்டுக்கு ஆறு வருடத்துக்கு முன்பு போனேன். குடும்பத்தின் வசதியை அளக்க டேப்லெட்டில் சில கேள்விகள்: எத்தனை அறை, தரை என்ன, கூரை என்ன? "பூட்டிக் கிடக்கிறதெல்லாம் சேத்தா நாப்பது இருக்கும்மா. எங்களுக்கு இந்த ஒண்ணுதான்" என்றார் அந்த அம்மா. நான் ஒன்று என்று பதியப் போனேன். மேற்பார்வையாளர் போனில் கூடாது என்றார். கண்ணில் பட்டதைப் பதிய வேண்டுமாம். ஆத்தங்குடிக் கல் தரை, நாற்பது அறை என்றே பதிந்தேன். விளக்கம் எழுத ஒரு கட்டம்கூட அதில் இல்லை.

நாலாம் வகுப்பு படித்த அந்த வீட்டுப் பெண்ணால் இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்க முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து அறிக்கை வந்தது, ஆங்கிலத்தில். எங்கள் வட்டாரத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் வாசிப்பில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி. அந்த வசதியான வீட்டுப் பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. பொருள் சொல்லப் படித்தவர்கள் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இது இன்று நேற்று நடப்பதல்ல. 2003இல் நாடு முழுவதும் பள்ளிகளுக்குத் திடீரென்று போய்ப் பார்த்து, நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை என்று கணக்குச் சொன்னார்கள். விடுப்பு, வெளிவேலை என்று காரணம் எதுவானாலும் அந்தக் கணக்கில் சேரும். அதற்கப்புறம் பத்திரிகைகளில் அது ஆசிரியர்கள் மட்டம் போடுகிறார்கள் என்று ஆகிவிட்டது. உங்கள் பத்திரிகையிலும் படித்திருக்கிறேன். என் அம்மா ஆசிரியை. தேர்தல் வேலைக்கும் மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கும் போன நாட்களில் அவரும் பள்ளியில் இல்லைதான். 2017இல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் ஆய்வில், காரணமில்லாமல் வராதவர்கள் 2.5 சதவீதம்தான் என்று வந்தது. அதை யார் பெரிதாகப் போட்டார்கள்?

கென்யாவில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான மைக்கேல் கிரெமரும் அவருடன் இருந்தவர்களும் பள்ளிகளுக்குப் பாடநூல் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும்தான் பயன் தெரிந்தது. புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. பிள்ளை எந்த மொழியில் திணறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்பவளுக்குத் தெரியாதா? கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்க 2005 முதல் நடக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பிலும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்பவர்கள் அந்தந்த மாவட்டத்துக்காரர்கள்தானே?

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அப்பேர்ப்பட்ட ஊர்க்காரர்களைப் பார்த்துத் தகவல் மட்டும் திரட்டிக் கொடுங்கள் என்று எழுதும்போது உங்கள் கை கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டாமா? இத்தனை வருடம் சந்தா கட்டிப் படிக்கும் உரிமையில் கேட்கிறேன்.

அந்த அம்மாவைப் போன மாதம் சந்தையில் பார்த்தேன். "அன்னைக்கு எழுதிக்கிட்டுப் போனீகளே, என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இனி கல்வி ஆய்வு எதைப் பற்றிச் செய்தி போட்டாலும், எந்தெந்த ஊரில், எந்த மொழியில் கேட்டார்கள், முடிவை அந்த ஊர்க்காரர்களுக்குச் சொன்னார்களா என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். கட்டுரை எழுதியவருக்கும் இந்தக் கடிதத்தை அனுப்பி வையுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். தை மாதம் அடுத்த கணக்கெடுப்பு இருக்கிறது, என்னைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள்.

இப்படிக்கு,
களப்பணியாளர்,
கோட்டையூர்.