செவிலியர் பாட்டியின் தொழிலையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மறைந்த பாட்டியைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் எழுதும் நினைவுக் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். பாட்டி செவிலியராக இருந்தவர் என்றால், ‘தன்னலமற்ற சேவை’, ‘அன்பே உருவானவர்’ என்பதோடு அவருடைய பணிக்காலம் முழுவதும் முடிந்துவிடுகிறது. அன்பு உண்மைதான். அவர் கற்றுத் தேர்ந்த தொழிலைத்தான் காணோம்.

ஒருமுறை போட்டுவிட்டு எறியும் சிரிஞ்சு வருவதற்கு முன், ஊசி போடுவதற்கே எவ்வளவு வேலை! கண்ணாடி சிரிஞ்சின் குழலையும் உள்தண்டையும் கழற்றித் தனித்தனியாக வைக்க வேண்டும். சேர்த்துக் கொதிக்கவைத்தால் இறுகி உடைந்துவிடும். மெல்லிய துணியில் சுற்றி, பச்சைத் தண்ணீரில் போட்ட பிறகே அடுப்பைப் பற்றவைப்பார்கள். கொதிக்கிற நீரில் நேரே போட்டால் விரிசல் விடும். கொதி வந்தபின் 20 நிமிடம். நடுவில் இன்னொன்றைப் போட்டால் நேரக்கணக்கு முதலிலிருந்து. ஊசிமுனையைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பார்கள். இழை சிக்கினால் முனை மடங்கியிருக்கிறது, கல்லில் தீட்ட வேண்டும்.

டிரிப்பும் கைக்கணக்குதான். மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் குழாய் செட்டில், 500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் இறங்க நிமிடத்துக்கு 21 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்து எண்ணிச் சரிசெய்வார்கள். நோயாளி முழங்கையை மடக்கினால் வேகம் குறையும், நீட்டினால் கூடும். திரும்பத் திரும்ப வந்து எண்ண வேண்டும்.

எழ முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, இடுப்பின் அடிப்பகுதி, குதிகால், முழங்கை, பின்தலை எல்லாம் பார்ப்பார்கள். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. இந்த வேலைதான் அதிகம் மறக்கப்படுகிறது. புண் வந்தால் எல்லோருக்கும் தெரியும். வராமல் காத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

பாட்டி இருக்கும்போதே கேளுங்கள். ‘என்ன வேலை பார்த்தீங்க?’ என்றால் ‘எல்லா வேலையும்தான்’ என்பார். ‘பாட்டி, நைட் டூட்டிக்குப் போனதும் முதல்ல எதைப் பார்ப்பீங்க?’ என்று கேட்டால் பேச்சு வளரும். கட்டில் விரிப்பின் மூலையை மடித்துக் காட்டச் சொல்லி, கைகளை மட்டும் வீடியோ எடுங்கள். அவர் மறைந்திருந்தால், நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழையும் பணிப் பதிவேட்டையும் தேடுங்கள். துணைச் செவிலியரா, ஸ்டாஃப் நர்ஸா, வார்டு சிஸ்டரா என்பதைச் சரியாகக் குறிப்பிடுங்கள். பயிற்சியும் பொறுப்பும் வேறு வேறு.

ஆனால் நோயாளிகளின் பெயரையும் நோயையும் எழுத வேண்டாம். இன்னார் என்று ஊகிக்கவைக்கும் ஊர், ஆண்டுகூட வேண்டாம். வீட்டாரிடமும் சொல்லாமல் அவர் காத்த ரகசியங்கள் அவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் பயிற்சி ஆசிரியை