கலவைச் சட்டி கழுவிய தண்ணீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் போதும், மழைநீர் வடிகாலைத் தூர்வாரவில்லை என்று மாநகராட்சியைத் திட்டி இந்தப் பகுதிக்குக் கடிதங்கள் வரும். நானும் எழுதியவன்தான். இந்த முறை புகார் என்மேலேயே.

போன ஆவணியில் பாத்ரூம் டைல்ஸை மாற்றி, முன்சுவருக்குப் பூச்சு வேலையும் பெயின்ட்டும் செய்தோம். உடைத்த டைல்ஸையும் ரப்பிஷையும் மூட்டை கட்டி, மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்கு ஃபோன் போட்டு அனுப்பியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஆனால் தினமும் சாயங்காலம் வாசலில் நடந்ததைக் காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கரணை, பாண்டு, கலவை போட்ட தரை எல்லாவற்றையும் சித்தாள் அம்மா ஹோஸ் பிடித்துக் கழுவுவார். சாம்பல் நிறத்தில் ஓடி, வடிகால் மூடியின் ஓட்டைக்குள் இறங்கிவிடும். பெயின்ட் வேலை நடந்த வாரத்தில் அதே வழியில் பிரஷ் கழுவிய வெள்ளைத் தண்ணீர். வாசல் மட்டும் பளிச்சென்று இருந்தது.

ஐப்பசியில் முதல் பெருமழைக்கே வாசலில் முழங்கால் தண்ணீர். மூடியைத் திறந்த ஊழியர் கடப்பாரையால் இடித்து ஒரு சிமென்ட் பாளத்தைப் பெயர்த்து வெளியே போட்டார். அதன் ஓரத்தில் எங்கள் பாத்ரூமின் நீல டைல்ஸ் சில்லு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கழிவுநீர்க் குழாயில் போவதாவது சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்கும். மழைநீர் வடிகாலுக்கு அந்த வழியும் இல்லை. எங்கள் பக்கத்துத் தண்ணீர் வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குத்தான் போகிறது; 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததே, அதே சதுப்புநிலம். சிமென்ட் தண்ணீரின் காரத்தில் கொத்தனார் விரல்கள் வெந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, மீன் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. ரோட்டில் ரப்பிஷ் கொட்டினால் அபராதம் போடுகிறார்கள், சரி. இந்தச் சாம்பல் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

இந்த வருடம் மொட்டைமாடி வேலைக்குக் கூலி பேசும்போதே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். கலவை தார்ப்பாய் மேல்தான். மணலை மூடி வைக்க வேண்டும். கழுவுவதெல்லாம் ஒரு பழைய நீல டிரம்மில். ராத்திரிக்குள் சிமென்ட் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த தண்ணீரில் மறுநாளும் சட்டி கழுவலாம். அடியில் உள்ளது காய்ந்ததும் ரப்பிஷ் மூட்டையோடு போகும்.

“இதெல்லாம் யாரு சார் பார்க்கறாங்க?” என்றார் முதல் நாள். வேலை முடிந்த அன்று பார்த்தால் டிரம் அவர் வண்டியில் ஏறியிருக்கிறது. அடுத்த சைட்டுக்கு வேணுமாம். நான் திருப்பிக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆதம்பாக்கம், சென்னை.