மேல்வீட்டுப் பாட்டு

அன்புள்ள முருகேசா,

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு லேசாயிற்று. அவசரப்பட்டு மாடிப்படி ஏறாதே.

நாங்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸுக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. மேல்வீட்டில் கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த ஒரு பெரியவர் இருக்கிறார். ஞாயிறு காலையில் அவர் வீட்டுப் பாட்டு எங்கள் அடுப்படி வரை வரும். பச்சாட்டா. போன வாரம் என்னை உட்காரவைத்து அதன் கதையைச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

பச்சாட்டா என்பது முதலில் பாட்டின் பெயரே இல்லை. கொல்லைப்புறத்தில் கிட்டாரோடு ஏழைகள் கூடிக் கொண்டாடுவதற்குப் பெயர். 1930 முதல் அவர் நாட்டை ஆட்டிப்படைத்த சர்வாதிகாரி ட்ருஹியோவுக்கு மெரெங்கே என்ற துள்ளலான ஆட்டப் பாட்டுதான் உசத்தி. 1961இல் அவன் சுட்டுக் கொல்லப்பட்டான். மறுவருஷமே ஹோசே மானுவேல் கால்டெரோன் என்ற பாடகர் ரெக்கார்டு கொடுத்தார். கியூபாவின் மெதுவான காதல் பாட்டான பொலேரோ வாடை அடிக்கும் கிட்டார் பாட்டு. அதுதான் முதல் பச்சாட்டா என்கிறார்கள்.

கிராமத்தில் பிழைக்க வழியில்லாமல் தலைநகர் சாந்தோ டொமிங்கோவின் சேரிகளுக்கு வந்தவர்கள் தங்கள் துக்கத்தை இதில்தான் கேட்டார்கள். விட்டுப்போன காதலி, விடிய விடியக் குடி, இவைதான் பாட்டு. 'அமார்கே' என்றே அதற்கு இன்னொரு பெயர். கசப்பு என்று அர்த்தம். வசதியானவர்கள் கீழ்த்தரம் என்று ஒதுக்கினார்கள். ரதாமெஸ் அரசேனா என்பவரின் ரேடியோ குவாரச்சிட்டா நிலையம்தான் அதைத் தூக்கிப் பிடித்தது. பட்டணம் போன பிள்ளைக்கு ஊரிலிருந்து வரும் சேதியையும் அதே ரேடியோ வாசிக்குமாம். அதைச் சொல்லும்போது பெரியவர் குரல் கம்மியது.

அப்புறம் உள்ளே போய் குய்ரா என்ற தாள வாத்தியம் ஒன்றை எடுத்து வந்தார். தகரக் குழாய், மேலெல்லாம் துருவிபோல் புள்ளி புள்ளியாகப் புடைத்திருக்கிறது. கம்பிகள் செருகிய கைப்பிடியால் உரச வேண்டும். பொங்கோ என்ற சின்ன இரட்டை மேளத்தின் தாளத்துக்கு மேல் இது சரசரவென்று ஓடுகிறது. மூன்று அடி வைத்து நான்காவதில் இடுப்பை வெட்டி ஆடுவார்கள். இரண்டே நிமிஷத்தில் என் மணிக்கட்டு விட்டுப்போயிற்று. அவர் அரைமணி நேரம் நிறுத்தவில்லை.

1990இல் ஹுவான் லூயிஸ் கெர்ரா என்ற டொமினிக்கன் பாடகர் 'பச்சாட்டா ரோசா' என்று ஆல்பம் போட்டார். அதற்கு கிராமி கிடைத்தது, பெரிய வீட்டுக் கதவுகளும் திறந்தன. பிறகு எங்கள் பிராங்க்ஸ் பையன்கள், அவென்டுரா குழு, 2002இல் பாடிய 'ஒப்செசியோன்' பிரான்சிலும் இத்தாலியிலும் முதலிடம் பிடித்தது. 2019இல் யுனெஸ்கோ பச்சாட்டாவைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எல்லாம் சந்தோஷம்தான். ஆனாலும் எனக்கு அந்தப் பழைய பாட்டுகள்தான் நெஞ்சில் நிற்கின்றன. பாடும்போது அழுதுவிடுவார்களோ என்றிருக்கும், கிட்டாரோ ஆடச் சொல்லும்.

பழைய பச்சாட்டாப் பாடகர் லூயிஸ் செகுரா பாடியதை உனக்கு அனுப்புகிறேன். ராத்திரி தனியாக உட்கார்ந்து கேள். முட்டி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

உன்,
ராகவன்