சந்திருவுக்கு, டிராவல்ஸ் விக்கிற விஷயமா

டேய் சந்திரு,

உன் லெட்டர் வந்துச்சுடா, படிச்சதுல இருந்து வேற எதுலயும் மனசு நிக்கல. அப்பா ஆரம்பிச்ச டிராவல்ஸை நல்ல விலைக்கு ஒருத்தர் கேக்குறார், வித்துடலாமா இல்ல பாப்பா கையில குடுக்கலாமான்னு கேட்டிருக்க. உன் தம்பி வித்துடுங்கிறான், பாப்பாவுக்கு நவகிரக டூரையே வேற மாதிரி நடத்திக் காட்டணும்னு ஆசை, நீ நடுவுல நின்னு தவிக்கிற. நான் சொல்றதுக்கு முன்னாடி இங்க ஒரு குடும்பம் நூறு வருஷமா இதே தொழில்ல இருக்கு, அவங்க கதைய கேளு.

எங்க அறுபதாம் கல்யாணம் முடிஞ்சதும் புள்ளைங்க சேர்ந்து எங்க ரெண்டு பேரையும் போர்ச்சுகல்ல டோரோ நதியில சின்னக் கப்பல் பயணம் அனுப்பி வெச்சாங்கன்னு சொன்னேன்ல, அது டாக்னு ஒரு டூர் கம்பெனி. ஆபீஸ் இங்க அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல வில்டன்ல இருக்கு, எங்க வீட்டுல இருந்து கார்ல கொஞ்ச தூரம்தான், அந்தப் பக்கம் எத்தனையோ வாட்டி போயிருக்கேன், ஆனா இப்பதான் அவங்களைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன்.

ஆர்தர் டாக்னு ஒருத்தர், பேங்க்ல வேலை பார்த்தவரு. சில்லறைக் காசை வகை வகையாப் போட்டு வெக்கிறதுக்கு ஒரு அலுமினியத் தட்டு கண்டுபிடிச்சு, அதை பேங்க் பேங்கா விக்க நியூ இங்கிலாந்து, அதாவது அமெரிக்காவோட வடகிழக்கு மூலை முழுக்க கார்லயே சுத்தியிருக்காரு. இலையுதிர் காலத்துல இந்தப் பக்கத்து மலைக எப்படி செக்கச்செவேல்னு இருக்கும்னு நீ போட்டோல பார்த்திருப்ப. இவ்ளோ அழகான ரோட்டுல காலி சீட்டோட ஓட்டிக்கிட்டு போறோமே, நாலு பேரை கூட்டிட்டுப் போலாமேன்னு தோணியிருக்கு. 1925ல முதல் டூர், 6 நாள், 1,100 மைல், தலைக்கு 69 டாலர். ரூம், சாப்பாடு எல்லாம் அந்த 69க்குள்ளயே, வழியில யாரும் பர்ஸைத் தொட வேண்டாம். அன்னிக்கு அவர் பண்ண அந்த ஏற்பாட்டைத்தான் இன்னும் புடிச்சிக்கிட்டு இருக்காங்க.

அதோட அருமை எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னா, முன்னாடி வேற ஒரு கம்பெனியில விலை கம்மின்னு போனோம்டா. அங்க கைடு காலையில மியூசியத்தை அரை மணி நேரத்துல முடிச்சிட்டு கார்பெட் கடையில ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சான், கடைக்காரன் குடுக்குற கமிஷன்லதான் அவனுக்கு வருமானம், அவனைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, டூரை அப்படித்தான் விலை போட்டு வித்திருக்காங்க. சாயந்திரம் ஆனா இந்த டான்ஸ் ஷோவுக்கு இவ்ளோ, படகுக்கு இவ்ளோன்னு லிஸ்ட் நீட்டுவாங்க, காசு கட்டினவங்க ஒரு கூட்டம், கட்டாதவங்க ஒரு கூட்டம்னு ஒரே பஸ்லயே ரெண்டு ஜாதி ஆயிடும்.

டோரோ கப்பல்ல அந்தப் பேச்சே இல்ல. ஏர்போர்ட்ல கூப்பிட்டுப் போறது, கரையில சுத்திக் காட்டறது, சாப்பாடு, கப்பல் ஆளுங்களுக்கு டிப்ஸ் வரைக்கும் முன்னாடியே கட்டினதுல அடக்கம். கூட வர்றவங்களை டாக் டைரக்டர்னு சொல்றாங்க. எங்க குரூப்ல ஒரு வயசான அம்மா, முட்டி வலி, ஸ்பெயின்ல இருக்குற சாலமங்காவுக்கு பஸ்ல போன அன்னிக்கு அந்தக் கல் பாவின தெருவுல அவங்களால நடக்க முடியல. எங்க டைரக்டர் பொண்ணு அவங்க கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, எங்களை உள்ளூர் கைடோட அனுப்பிட்டு, அவங்களை மட்டும் டாக்ஸியில ஏத்தி பிளாசா மயோர் சதுக்கத்துலயே எறக்கி, நிழல்ல சேர் போட்டு காபி வாங்கிக் குடுத்து உக்கார வெச்சிருந்தா, நாங்க போய்ச் சேர்றப்ப அவங்கதான் எங்களுக்கு எடம் புடிச்சு வெச்சிருந்தாங்க. கமிஷன் வேண்டாம், எக்ஸ்ட்ரா டிக்கெட் விக்க வேண்டாம்னா ஒரு மனுஷிக்கு அடுத்த மனுஷனைப் பார்க்க எவ்ளோ நேரம் கிடைக்குது பாரு. லக்சுரின்னா எனக்கு அதுதான்டா, பட்டு மெத்தை எல்லாம் அப்புறம்.

கப்பல் பேரு அந்தோரின்யா, 84 பேர்தான், 80 மீட்டர் நீளம். ஏன் அவ்ளோ சின்னதுன்னா நதி அளந்து குடுத்த அளவு அது. டோரோவுல போர்ச்சுகல்ல கப்பல் ஓடுற பகுதியில அஞ்சு அணை, ஒவ்வொண்ணுலயும் கப்பலை ஏத்தி எறக்குற தண்ணித் தொட்டி மாதிரி லாக் இருக்கு, அகலம் 12 மீட்டர் சொச்சம்தான், அதுக்குள்ள நுழையுற கப்பல்தான் அந்த நதியில ஓட முடியும். கர்ரபத்தேலோ அணையில 35 மீட்டர் ஏத்துறாங்க, நம்ம ஊர்ல பத்து மாடிக் கட்டிட உசரம்னு வெச்சிக்க. உள்ள போனதும் ரெண்டு பக்கமும் ஈரச் சுவரு, கை நீட்டினா தொடலாம், பாசி வாசனை, மேல ஒரு துண்டு வானம், பின்னாடி கதவு அடைஞ்சதும் பேசிட்டு இருந்தவங்கல்லாம் தானா அமைதியாயிட்டாங்க, தண்ணி ஏற ஏற வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. மேல வந்தா ரெண்டு கரையிலயும் படி படியா திராட்சைத் தோட்டம். ராத்திரி அந்த நதியில ஓட்ட மாட்டாங்க, அதனால தூங்குறப்ப எந்தக் காட்சியும் நழுவிப் போகாது. நம்ம சைவச் சாப்பாட்டையும் முன்னாடியே எழுதிட்டதால மனசாரப் பண்ணிக் குடுத்தாங்க.

உனக்கு முக்கியமான விஷயம் இனிமேதான். அந்தக் கப்பல் டாக்கோட சொந்தம் கிடையாது. ஸ்விட்சர்லாந்துல பாசல்ல ஸ்கில்லான்னு இன்னொரு குடும்பக் கம்பெனி, கப்பலும் ஓட்டறதும் அவங்களோடது, டாக் அதை மொத்தமா குத்தகைக்கு எடுத்துக்குது. கடல் பயணத்துக்கு போனான்னு பிரெஞ்சுக் கம்பெனி கப்பலை எடுக்குறாங்க. இரும்புல பணத்தை முடக்காம, யாத்திரை போறவனை எப்படிப் பார்த்துக்கறதுங்கறதை மட்டும் தன் கையில வெச்சிருக்காங்க. பாப்பா புது வேன் வாங்க லோன் கேக்குறான்னு எழுதியிருந்தியே, அதுக்கு முன்னாடி இதை அவகிட்ட சொல்லு.

ரெண்டாவது தலைமுறை ஆர்தர் ஜூனியர் 1958ல பொறுப்பை எடுத்தாரு. கனடாவுல குளிர்காலத்துல பனிச்சறுக்கு ஆடறவங்களை ஹெலிகாப்டர்ல மலை உச்சிக்கு கொண்டு போற ஹான்ஸ் குமோசர்னு ஒருத்தர் இருந்தாரு, வெயில் காலத்துல அந்த ஹெலிகாப்டர் சும்மாதான் நிக்கும். அதுல சாதாரண ஜனங்களை ஏத்திட்டுப் போய் மலை மேல நடக்க விடலாமேன்னு ஜூனியர் கேட்டாரு, 1978ல அது ஆரம்பிச்சுச்சு. நம்ம வேனுங்க ஆனி மாசம் பூரா ஷெட்டுல நிக்குதுன்னு நீ புலம்புறப்பல்லாம் எனக்கு இது ஞாபகம் வருது.

மூணாவது தலைமுறையில பசங்க பொறுப்பைப் பார்த்துக்கிட்டாங்க, அப்புறம் டான் மகார்னு குடும்பத்துக்கு வெளிய இருந்து ஒருத்தரை சிஇஓ ஆக்கினாங்க, கம்பெனி மட்டும் குடும்பத்துலயே. அதனால விக்கிறதா, இல்ல பாப்பா தலையில எல்லாத்தையும் கட்டறதான்னு ரெண்டே வழிதான்னு நினைக்காத. சொத்து உங்க பேர்ல இருக்கட்டும், கணக்கு வழக்கை நம்பிக்கையான ஆள் பாக்கட்டும், டூர் எப்படி இருக்கணும்னு மட்டும் அவ முடிவு பண்ணட்டும்.

எல்லாத்தையும் தலையில தூக்கி வெச்சு ஆடல நான். விலை ரொம்ப ஜாஸ்தி, எங்க கூட வந்தவங்க பூரா ரிட்டயர் ஆன வசதியான அமெரிக்கர்கள், சொந்தக் காசுல போக எனக்கு மனசு வந்திருக்காது. அதுக்காக அந்த முறையே பணக்காரங்களுக்குத்தான்னு ஆயிடாது. திங்களூர்ல ஆரம்பிச்சு திருநள்ளாறு வரைக்கும் ஒரே விலை, அதுக்குள்ள சாப்பாடு, அர்ச்சனைத் தட்டு, தரிசன டிக்கெட், டிரைவர் பேட்டா எல்லாம் அடக்கம், எந்த ஓட்டல்லயும் எந்தக் கடையிலயும் கமிஷன் வாங்க மாட்டோம்னு பாப்பா சொன்னா அந்தப் பாட்டி தாத்தாங்க எவ்ளோ நிம்மதியா சாமி கும்பிடுவாங்க! டிரைவருக்கு சம்பளத்தை ஏத்திக் குடுக்கணும், அது இல்லாம இது நடக்காது, அதை மட்டும் அவ கறாரா புடிச்சிக்கணும்.

ஆகவே விக்காதடா, இது என் முடிவான அபிப்பிராயம். ரெண்டு வருஷம் அவகிட்ட விட்டுப் பாரு. வாங்க வந்த ஆளுக்கு இப்போதைக்கு அட்வான்ஸ் வாங்காம இரு, தம்பிகிட்ட நான் பேசறேன். பாப்பாவை ஞாயித்துக்கிழமை ராத்திரி உங்க டைம் எட்டு மணிக்கு எனக்கு வாட்ஸப்ல கூப்பிடச் சொல்லு, ஒரு டூருக்கு தலைக்கு என்ன செலவு ஆகுதுன்னு கணக்கை எழுதி வெச்சிக்கிட்டு கூப்பிடட்டும். தை மாசம் நாங்க ஊருக்கு வர்றோம், முதல் டூர்ல எங்க ரெண்டு பேருக்கும் சீட்டு போட்டு வைங்க, முழுக் காசு குடுத்துத்தான் வருவோம். அண்ணிக்கு சுகர் இப்ப எப்படி இருக்கு, அதை எழுதவே இல்லையே நீ?

அன்புடன்,
ராமு