சோளத்துக்கு ஜாகோங் கணக்கு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செம்பனை மறுநடவு நிலங்களில், நிரைகளுக்கு இடையே பருவம் தப்பி வெள்ளைச் சோளம் விதைப்போர் ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா போட வேண்டும் என்று ஞாயிறு வேளாண் பக்கத்தில் வந்திருந்தது. அது ஜாகோங்குக்கு, அதாவது மக்காச்சோளத்துக்குப் பொருந்தும் அளவு. இரண்டையும் நாம் சோளம் என்றே சொல்வதால் நேர்ந்த குழப்பமாக இருக்கலாம். அதை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம்.

பருவம் தப்பிய வெள்ளைச் சோளத்தின் விளைச்சலைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. பிரேசிலில் சோயா அறுத்த கையோடு பிப்ரவரி, மார்ச்சில் இதை விதைக்கிறார்கள். கதிர் முற்றுமுன் மழை ஓய்ந்துவிடும். கெடாவில் ஆண்டுக் கடைசியில் விதைத்தாலும் இதே கதிதான். ஏக்கருக்கு 1,200 கிலோ மணி கண்டால், அதோடு போகும் தழைச்சத்து ஏறக்குறைய 20 கிலோ. 50 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 23 கிலோ. ஒரு மூட்டை போதும். அதுவும் சோளம் நிற்கும் பரப்புக்கு மட்டும். பனையடி வட்டத்தை ஏக்கரில் சேர்க்காதீர்கள். மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் முக்குனா, புவரேரியா போன்ற மூடுபயிரை வெட்டி மடக்கிய நிலமானால் இன்னும் குறைக்கலாம்.

மூன்றில் ஒரு பங்கை விதைக்கும்போது, விதையிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் போடுங்கள். விதையை ஒட்டிப் போட்டால் முளை கருகும். மீதியை 25 முதல் 30 நாளுக்குள், ஐந்தாறு இலை விரிந்ததும் வைக்க வேண்டும். குருத்தின் அடியில் கதிர் உருவாகத் தொடங்குவது அதையடுத்துத்தான். கதிர் இலையுறைக்குள் பருத்த பிறகு போட்டால் இலை பச்சையாகும், மணி எண்ணிக்கை கூடாது.

கைவீச்சாகத் தூவுவதுதான் பெரிய தவறு. குருத்துக்குள் தங்கிய யூரியா இலையை வெள்ளைக் கோடாகச் சுட்டுவிடும். ஈரச் சருகின் மேல் விழுந்தது அம்மோனியாவாகப் பறந்துவிடும். மறுநாள் சருகைப் புரட்டினால் நெடி மூக்கில் ஏறும். மண்வெட்டியால் சால் கீறி, போட்டு, இரண்டு விரல் கனத்துக்கு மண் மூடுங்கள். அமோனியம் சல்பேட் அவ்வளவாகப் பறக்காது. ஆனால் நம் புளிப்பு மண்ணை மேலும் புளிக்க வைக்கும், மூட்டையும் இரண்டுக்கு மேல் தேவைப்படும்.

மாடு வைத்திருப்போருக்கு ஒன்று: யூரியா மிகுந்து, வெயிலில் வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு கூடும். முழங்கால் உயரத் தட்டையை அறுத்துப் போடாதீர்கள். இந்த எச்சரிக்கையை அடுத்த வார வேளாண் பக்கத்தில் திருத்தத்தோடு சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப்புற வாசகர்,
கூலிம், கெடா