அட்வான்ஸ் போட்டுவிடாதே தம்பி

தம்பிக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன், சாயந்திரம் உட்கார்ந்து நிதானமாகப் படி. ஹால் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று நீ புனேயில் இருந்துகொண்டு போனிலேயே புக் பண்ணி அனுப்பிய பிளம்பர் வந்தார், பார்த்தார், போனார். மரியாதையாகத்தான் பேசினார், சட்டையில் கம்பெனி பெயரெல்லாம் போட்டிருந்தது. ஆனால் முற்றத்தில் நின்றபடியே சுவரை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "பழைய வீடு மேடம், மொத்த லைனையும் எடுத்துட்டுப் புதுசாப் போட்டுறலாம், 95 ஆயிரம் ஆகும், பாதி அட்வான்ஸ்" என்கிறார். மாடிக்கு ஏறவில்லை. மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. ஓதம் எந்த நேரத்தில் கூடுகிறது என்றுகூடக் கேட்காதவருக்கு எதை மாற்றவேண்டும் என்று எப்படித் தெரியும்?

வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் இருக்கிற இந்தச் சந்து வீடு உன் தாத்தா காலத்தது, ஆனால் குழாய்கள் எல்லாம் அவர் காலத்தவை இல்லை. முன் ஹால் சுண்ணாம்புக் காரைச் சுவர், மேலே தேக்குக் கட்டைகளில் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். பின்கட்டு பிறகு கட்டியது, அது கான்கிரீட். நடுவில் அவ்வப்போது யாராவது வந்து ஒரு பைப்பைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், முதலில் ஜி.ஐ. என்கிற துத்தநாகம் பூசிய இரும்பு பைப், அப்புறம் நீ காலேஜ் படிக்கும்போது மாடி பாத்ரூமுக்கு பிவிசி. எது எந்தச் சுவருக்குள் போகிறது என்று அப்பாவுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. புது அபார்ட்மெண்டில் வேலை பார்த்துப் பழகியவர் இங்கே வந்தால் திணறத்தான் செய்வார், அதற்காக அவரைத் திட்டவும் முடியாது.

சரி, நான் எப்படி ஆள் பிடித்தேன் என்று கேட்பாய். ஹார்டுவேர் கடையில் கேட்டால் உடனே ஒரு நம்பர் தருவார்கள்தான், ஆனால் அவர்களிடம் நிறைய சாமான் வாங்குகிறவர் நம்பராகத்தான் அது இருக்கும், அதில் கமிஷனும் ஓடும். அதனால் நம் சந்திலேயே நம் வீட்டு வயசு உள்ள வீடுகளாகப் பார்த்துக் கேட்டேன். "நல்லா வேலை செஞ்சாரா" என்று கேட்கவில்லை, அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்து காசு வாங்கிய பிறகு மறுபடி ஒழுகியதா, கூப்பிட்டபோது வந்தாரா, வந்ததற்குத் தனியாகக் காசு கேட்டாரா என்று கேட்டேன். எதிர் வீட்டு அக்கா ஒருவரைச் சொன்னார்கள், செல்லூர்க்காரர், ஐம்பது வயசு இருக்கும். அவர் போட்ட ஒரு ஜாயின்ட்டில் சொட்டியதாம், போன் பண்ணியதும் மறுநாளே வந்து அதை அறுத்தெடுத்து வேறு போட்டுவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனாராம். எனக்கு அது போதும்.

அவர் வந்ததும் ரேட் கேட்டேன். "நாளைக்குச் சொல்றேங்க்கா, இப்பச் சொன்னா பொய்யாத்தான் இருக்கும்" என்றார். அப்புறம் கேள்வியாகக் கேட்டார். மழை பெய்தால் ஓதம் கூடுதா? குளித்த பிறகு கூடுதா? இல்லை நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கா? மழையில் மட்டும் என்றால் மொட்டைமாடித் தளத்தில் கோளாறு, குளித்த பிறகு மட்டும் என்றால் கழிவுநீர் போகிற பக்கமாக இருக்கலாம், எப்போதும் ஈரம் என்றால் தொட்டியிலிருந்து வருகிற லைனில் எங்கோ ஒழுகுகிறது என்றார். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடிவிட்டு, தண்ணீர் எந்த அளவு நிற்கிறது என்று உள்பக்கம் ஒரு கோடு போடச் சொன்னார். காலையில் இறங்கவில்லை, அப்படியென்றால் தொட்டி நன்றாக இருக்கிறது. அடுத்த ராத்திரி வால்வைத் திறந்து வைத்துவிட்டு, வீட்டுக் குழாய்களை மட்டும் இறுக்க மூடிவிட்டுப் பார்த்தோம். நான்கு விரற்கடை இறங்கியிருந்தது, அப்படியென்றால் தொட்டிக்குக் கீழே எங்கோதான் ஒழுகுகிறது. கக்கூஸ் பிளஷ் தொட்டியில் கேசரிப் பவுடர் கொஞ்சம் கரைத்துவிட்டு அரைமணி நேரம் பிளஷ் பண்ணாமல் விட்டுப் பார்த்தார், கோப்பையில் கலர் இறங்கவில்லை, ஆகவே அங்கேயும் கசிவு இல்லை. அப்பா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இவர் என்ன பிளம்பரா இல்ல டாக்டரா" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கூடவே ஏறினார், முழங்கால் வலியெல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ.

கடைசியில் மாடி பாத்ரூமில் ஹீட்டரிலிருந்து வருகிற லைன்தான் குற்றவாளி. அந்தக் காலத்தில் போட்டவர் சுடுதண்ணீர் லைனுக்கும் சாதாரண பிவிசியையே போட்டிருக்கிறார். அது சூடு தாங்காது, இளகி இளகி எல்போ ஜாயின்ட் விட்டுவிட்டது. சுடுதண்ணீருக்கு, சூடு தாங்குகிற சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப்தான் போடவேண்டும், பைப்பின் மேலேயே ஐ.எஸ். 15778 என்று அச்சடித்திருக்கும், அதற்கு ஒட்டுகிற பசையும் தனி, கையில் இருக்கிற பிவிசி பசையைத் தடவி ஒப்பேற்றக் கூடாது. உன் பிளாட்டிலும் யாராவது வேலை செய்தால் இதை மட்டும் குனிந்து பார்.

எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது இதற்கு அப்புறம்தான். அடுப்படியில் ஒரு குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். அந்த அரை இஞ்ச் ஜி.ஐ. பைப் உள்ளே துரு ஏறி ஏறி, பென்சில் நுழைகிற ஓட்டைதான் பாக்கி, அதனால்தான் அடுப்படியில் தண்ணீர் நூலாக வருகிறது. "இதையும் ஒரு நாள் மாத்தித்தான் ஆகணும்க்கா, ஆனா அந்த ஓதத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, இப்ப அவசரமும் இல்ல" என்றார். நினைத்திருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டிருக்கலாம், நாங்களும் தலையாட்டியிருப்போம்.

இன்னொன்று, நீ ஆசைப்பட்டாயே, முன் ஹால் மாடியில் 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி. நீ அனுப்பிய ஆள் "வச்சுறலாம் மேடம்" என்று உடனே சொன்னார். இவர் ஹாலுக்குள் போய் அண்ணாந்து கட்டைகளைப் பார்த்துவிட்டு முடியாது என்றுவிட்டார். 1000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை, அதை மெட்ராஸ் டெரஸ் நடுவில் உட்கார வைக்கலாமா? பின்கட்டு கான்கிரீட்டில், அதுவும் கீழே சுவர் வருகிற இடமாகப் பார்த்து 500 லிட்டர் வைத்துக்கொள்ளலாம், அதற்கும் முதலில் ஒரு இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள் என்கிறார். அந்த ஆசையை அத்தோடு விட்டுவிடு.

புது லைனைச் சுவரை வெட்டி உள்ளே புதைக்கவில்லை. காரைச் சுவரில் சுத்தியல் வைத்தால் கை அகலத்துக்கு வெட்டப்போய் ஒரு முழம் உதிரும். பின்பக்கச் சுவரில் கிளாம்ப் அடித்து வெளியிலேயே கொண்டுபோய், பாத்ரூமுக்குள் நுழைகிற இடத்தில் மட்டும் மெஷினால் அறுத்தார். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று நீ வந்ததும் சொல்வாய், சொல்லிக்கொள். ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், அதுதான் எனக்கு வேண்டும். பூசி மூடுவதற்கு முன்னால் கைப்பம்பு வைத்துத் தண்ணீரை அழுத்தி நிறுத்தி, அழுத்தம் காட்டுகிற மீட்டரின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மூடும் முன் டேப் வைத்து அளவு தெரிகிறமாதிரி நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், உனக்கும் அனுப்பியிருக்கிறேன், மற்ற பார்வர்டு மெசேஜோடு சேர்த்து அழித்துவிடாதே, நாளைக்கு அங்கே ஆணி அடிக்கிறவனுக்குத் தேவைப்படும்.

காசு விஷயம். சாமானுக்கு அவர் சைஸ், எண்ணிக்கை, கம்பெனி எல்லாம் எழுதித் தந்தார், அப்பா கடைக்குப் போய் பில் போட்டு வாங்கினார், மிச்சமான இரண்டு எல்போவைத் திருப்பியும் கொடுத்துவிட்டார். அது 8 ஆயிரத்துக்குள் முடிந்தது. கூலி தனி, 6,500 பேசினோம். பாதி வேலையில் பாதி கொடுத்தேன், 1,500 மட்டும் பிடித்து வைத்திருக்கிறேன், ஒரு வாரம் ஹீட்டர் ஓடட்டும் என்று அவரே சொன்னார். கூலியில் நான் அடித்துப் பேசவில்லை. அப்பாவுக்கு 500 குறைக்கவேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது, அடக்கி வைத்தேன். கூலியில் பிடுங்கினால் அது எங்கேயாவது ஒரு மட்டமான வால்வாகச் சுவருக்குள் போய் உட்காரும்.

வாசல் சாக்கடைச் சேம்பர் அடைப்பும் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வேறு ஒருவர், "ஒரு பையனை இறக்கிவிட்டா ஒரு மணி நேரத்துல முடிச்சுருவான்" என்றார். வாசலிலேயே வைத்து வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது, இறக்கினால் ஜெயில் வரைக்கும் போகும். சட்டத்தை விடு, விஷவாயுவில் யார் வீட்டுப் பிள்ளையோ செத்துப்போனால் அந்தத் தண்ணீர் ஓடி நமக்கு என்ன ஆகப்போகிறது. கார்ப்பரேஷனில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மெஷின் வண்டி வரட்டும், வருகிறவரைக்கும் பொறுத்துக்கொள்கிறோம்.

ஹால் சுவர் காய்வதற்கு இன்னும் நாளாகுமாம், அதற்கு முன்னால் பெயிண்ட் அடித்தால் கொப்பளிக்கும், ஆகவே சித்திரைத் திருவிழாவுக்கு நீ வரும்போது சுவர் கறையாகத்தான் இருக்கும், முகம் சுளிக்காதே. அடுப்படி ஜி.ஐ. லைனை அடுத்த வருஷம் இவரை வைத்தே மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் காசு சேர்த்து வை. நீ அந்தக் கம்பெனிக்கு இன்றைக்கே போன் பண்ணி வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடு, அவர் வெயிலில் வந்து போனதற்கு நான் 300 ரூபாய் கையில் கொடுத்துவிட்டேன்.

அம்மா