ஆண்டறிக்கை 2025: புனித வின்சென்ட் தே பவுல் சபை, நம் பங்குக் கிளை

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, கிளைத் தலைவர் அவர்களே, சகோதர சகோதரிகளே, இயேசுவுக்கே புகழ்!

வாரக் கூட்டங்கள் வழக்கம்போல ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பிறகு நடந்தன. மழை நாட்களில் சில விடுபட்டன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம் என்று செய்த உதவிகள் அந்தக் கணக்கிலேயே இருக்கின்றன, நான் திரும்பச் சொல்லவில்லை. இந்த ஆண்டு நம் கூட்டங்களில் பணத்தைவிட அதிகம் பேசப்பட்டது வன்முறையைப் பற்றித்தான்.

ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். மறுநாளே காஷ்மீரின் பகல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஞாயிறு இரண்டுக்கும் சேர்த்துச் செபித்தோம். வீடு போய்ச் சேர்வதற்குள் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மதத்தார் எல்லாரையும் பழிக்கும் செய்திகள் வரத் தொடங்கிவிட்டன. தலைவர் அவற்றை அழிக்கச் சொன்னார். சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. இருக்கட்டும். பகல்காமில் துப்பாக்கிக்காரனைத் தடுக்கப் போய் உயிர்விட்ட குதிரைக்காரர் ஒரு முஸ்லிம். நாம் மாதாமாதம் அரிசி கொடுக்கும் பாட்டி ஒருவரும் முஸ்லிம்தான். நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் நமக்கு அனுப்பி வைக்கிறவர். செபமாலையை முடித்த கையோடு வெறுப்பை ஃபார்வேர்டு செய்தால் அந்தச் செபம் எந்தக் கணக்கில் சேரும்?

ஜூலை 17 அன்று காசாவின் ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயம் இஸ்ரேலியத் தாக்குதலுக்கு உள்ளானது. மூவர் இறந்தனர், பங்குத்தந்தை காயமடைந்தார். மெழுகுவர்த்திப் பவனி போகலாம் என்று இளையோர் கேட்டார்கள், போனோம். பவனி நன்றாகவே இருந்தது. ஆனால் எனக்கு மனத்தில் நிற்பது வேறு. போர் தொடங்கிய 2023 அக்டோபரிலிருந்து திருத்தந்தை பிரான்சிஸ் அந்தப் பங்குக்கு ஏறக்குறைய தினமும் மாலையில் தொலைபேசியில் பேசினார், மருத்துவமனையில் இருந்தபோதும் முடிந்த நாட்களில் பேசினார். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. எப்படி இருக்கிறீர்கள், இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான். நம் சபையில் இதற்குப் பெயர் இல்லச் சந்திப்பு.

சபையைத் தொடங்கிய அருளாளர் ஓசானாம் அவர்களின் வாழ்விலும் இது உண்டு. 1833இல் பாரிஸில், இருபது வயது மாணவராக, நண்பர்களோடு ஏழைகளின் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். வழிகாட்டியவர் அருள்சகோதரி ரோசலி. 1848 ஜூனில் அதே நகரத்தில் தொழிலாளர்களும் படையினரும் தெருவில் சுட்டுக்கொண்டார்கள். ஓசானாமும் நண்பர்களும் பேராயர் அஃப்ரிடம் போய், சமாதானம் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். அவர் தடுப்பரண் வரை போனார், குண்டு பட்டது, இரண்டு நாளில் இறந்தார். தன் இரத்தமே கடைசியாகச் சிந்தியதாக இருக்கட்டும் என்றாராம்.

இனி நம் தெருவுக்கு வருகிறேன். நாம் உதவும் வீடுகளில் ஒன்றில், ஆடி மாதம், அக்காவுக்கு இடது கண்ணைச் சுற்றிக் கன்றியிருந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டது என்றார். நம் சகோதரிகள் இருவரும் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுத்தார்கள். கீரை முடிவதற்குள் எல்லாம் வெளியே வந்தது: டாஸ்மாக், கடன், பெல்ட். இதற்கு முன் அவர் யாரிடமோ சொல்லி அழுதபோது, "பொறுத்துப் போம்மா, அது உன் சிலுவை" என்று ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு, அறிக்கையிலும் பதிவாகட்டும். ஆண்டவர் சுமந்தது அவராகவே ஏற்ற சிலுவை. இவர் முதுகில் ஏற்றுவது நாம். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே இயேசு, தலைமைக் குருவின் வீட்டில் காவலர் அறைந்தபோது, "ஏன் என்னை அடிக்கிறீர்?" என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி அடிக்கவில்லை, வாயை மூடிக்கொள்ளவும் இல்லை.

அப்புறம் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அவரோடு நம் சகோதரிகள் துணைக்குப் போனார்கள். பிள்ளைகளோடு இப்போது தாய் வீட்டில் இருக்கிறார். கணவரையும் விட்டுவிடவில்லை, தலைவர் அவரைப் போய்ப் பார்க்கிறார். குடியை நிறுத்தியதாகக் கணவர் சொல்கிறார், நான் இன்னும் நம்பத் தயாராக இல்லை.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். இல்லச் சந்திப்புக்குப் பெண் உறுப்பினர்கள் போதவில்லை, மாலை வேளையில் வரக்கூடியவர்கள் பெயர் கொடுங்கள். பெண்கள் உதவி எண் 181ஐ ஆலய அறிவிப்புப் பலகையில் நிரந்தரமாக எழுதி வைக்கப் பங்குத்தந்தை அனுமதி தர வேண்டும்.

இப்படிக்கு,
செயலர்